தையல்காரரின் இடது கால்

கால் கழுவுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் யாருக்கும் தூக்கம் வரத்தான் செய்யும், சார். அதற்காக நான் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. வியாழக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் பத்துப் பேர், எல்லோரும் சர்க்கரை நோயாளிகள். எதைச் சாப்பிடலாம், எவ்வளவு நடக்க வேண்டும் என்று சொல்லித்தருகிற நர்ஸ் நான். பதினோரு வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். தலையை ஆட்டுவார்கள். நேரே எதிரில் இருக்கும் பேக்கரிக்குப் போவார்கள்.

கூட்டிக்கொண்டு போவது அந்தப் பத்துப் பேரில் ஒருவரான தையல்காரர். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சர்க்கரை வீட்டோட மாப்பிள்ளை மாதிரி சிஸ்டர். வந்துட்டான், இனி போக மாட்டான். நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்பார். வகுப்பே சிரிக்கும். நான் மாதக்கணக்கில் சொன்னதெல்லாம் அந்தச் சிரிப்போடு போய்விடும்.

ஒரு நாள் வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. இடது காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தார். கடையில் கீழே விழுந்த ஊசி கட்டைவிரலுக்கு அடியில் ஏறி முறிந்திருந்தது. மரத்துப்போன கால். இரண்டு நாளாக அதோடுதான் மிஷின் மிதித்திருக்கிறார். சுற்றிலும் கருத்துவிட்டது.

"பயமா இருக்கு சிஸ்டர். டாக்டர்கிட்ட காட்டணுமா?"

அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் இல்லை. நான் ஊசியை எடுத்து, துடைத்து, கட்டுப் போட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, தானா ஆறிடும்" என்றேன். அவர் முகத்திலிருந்த பயம் உடனே வடிந்துவிட்டது. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

அவர் மனைவி நான்கு தடவை போன் செய்தார். "கால் வீங்கிப்போச்சும்மா. நாத்தம் அடிக்குது." கட்டைப் பிரிக்க வேண்டாம் என்றேன். நான்காவது தடவையும் அதையே சொன்னேன்.

அதிலிருந்து மூன்றாவது வியாழன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் முன்னால் கட்டைப் பிரித்தேன். யாரையும் வெளியே போக விடவில்லை. வகுப்புக்கு வருகிற தபால்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தையல்காரர் என்னை மட்டுமே பார்த்தார்.

"நீங்கதானே ஆறிடும்னு சொன்னீங்க?"

அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அந்தக் கால் அழுகட்டும் என்றுதான் விட்டேன். ஆனால் மற்ற ஒன்பது பேரின் ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள், சார். எல்லோருக்கும் சர்க்கரை இறங்கியிருக்கிறது. விடிந்ததும் நடக்கிறார்கள். எந்தப் படத்தைக் காட்டி இதைச் சாதித்திருக்க முடியும்?

நீங்கள் என்னை விசாரணைக்கு அழைப்பதற்கு முந்தின வாரம் தபால்காரரின் காலுறையில் ரத்தம் கசிந்திருந்தது. "காட்டுங்கண்ணே" என்று குனிந்தேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். "வேணாம் சிஸ்டர். உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், தொடாதீங்க."

பாவம், அந்த நோய் மனிதர்களை எப்படியெல்லாம் பயமுறுத்துகிறது.