முன்னால் போனவருக்கு முதல் கோப்பை

பேக்கரிக்காரர்: "தாத்தா, காத்து முன்னாடிலேர்ந்துதானே அடிச்சுது? நீங்க பின்னாடிதானே இருந்தீங்க?" இப்படித்தான் கேட்டா, சம்பந்தி. பல் தேய்ச்சுக்கிட்டே. வாய் நிறைய நுரை.

பஸ்காரர்: யாரு... நம்ம பேத்தியா?

பேக்கரிக்காரர்: பின்ன? உங்க பையனுக்கும் என் பொண்ணுக்கும் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அது ஒண்ணு போதும், நம்ம ரெண்டு பேரையும் கூண்டுல ஏத்த.

பஸ்காரர்: அது கிடக்கட்டும். வழி விடுங்க. கடல் ரோடு வந்தாச்சு, நான் முன்னாடி போறேன்.

பேக்கரிக்காரர்: வேணாம். இன்னிக்கு நான்தான் முன்னாடி.

பஸ்காரர்: எதிர்க்காத்து சம்பந்தி! மூஞ்சியில அறையுது. உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?

பேக்கரிக்காரர்: என் சைக்கிள் பின்சக்கரத்தை ஒட்டியே வாங்க. காத்து உங்க மேல படாது.

பஸ்காரர்: எனக்கே பாடமா? அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

பேக்கரிக்காரர்: சொல்லிக் குடுத்தீங்க, நானும் நல்லா ஒட்டிக்கிட்டேன். உங்க சட்டை முதுகுல தையல் எங்க பிரிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் இவ்வளவு பெரிய கடல் இருக்கறது இன்னிக்குத்தான் தெரியுது.

பஸ்காரர்: குழி! குழி!

பேக்கரிக்காரர்: எங்க?

பஸ்காரர்: தேட வேணாம். விழுந்தாச்சு.

பேக்கரிக்காரர்: ஐயையோ... அடி பட்டுச்சா?

பஸ்காரர்: வண்டிக்குப் படல. எனக்கு உட்கார்ற இடத்துல பட்டுச்சு. முன்னாடி போறவர் கையைக் காட்டணும் சம்பந்தி. பின்னாடி வர்றவனுக்கு ரோடு தெரியாது, உங்க முதுகுதான் தெரியும். குழி எந்தப் பக்கமோ அந்தக் கையைக் கீழ காட்டணும்.

பேக்கரிக்காரர்: கையை எடுத்தா வண்டி ஆடுதே!

பஸ்காரர்: அப்ப வாயையாவது திறங்க.

பேக்கரிக்காரர்: வாயைத் திறந்தா காத்து உள்ள போகுது... அப்பா... இவ்வளவு காத்தையா நீங்க தினமும்...

பஸ்காரர்: மூச்சு வாங்குது பாருங்க. மாத்திக்கலாமா?

பேக்கரிக்காரர்: முடியாது.

பஸ்காரர்: பிடிவாதம். அப்படியே உங்க பொண்ணு.

பேக்கரிக்காரர்: உங்க வீட்டுக்கு வந்தப்புறம் கத்துக்கிட்டது அது.

பஸ்காரர்: சரி, சரி. குழந்தை கேட்டாளே, அதுக்கு என்ன சொன்னீங்க?

பேக்கரிக்காரர்: முதல்ல ஒண்ணும் சொல்லல. வாயைக் கொப்பளிம்மான்னேன்.

பஸ்காரர்: தப்பிச்சீங்க.

பேக்கரிக்காரர்: எங்க தப்பிச்சேன்? போன ஞாயிறு அவ அப்பா கார் நம்மளைத் தாண்டிப் போறப்ப ஜன்னல் வழியா பாத்திருக்கா. பஸ் தாத்தா முன்னாடி, பேக்கரி தாத்தா பின்னாடி. அப்புறம் மலை உச்சியில வேற கதை நடக்குது. குழந்தைக்குக் குழப்பம் வராதா?

பஸ்காரர்: பெரிய கதை! ஒரு கோப்பை டீ.

பேக்கரிக்காரர்: நம்ம சைக்கிள் குழுவுல அது வெறும் டீயா? சொல்லுங்க. குழுவை நடத்துற விசில்காரர் ஒவ்வொரு ஞாயிறும் மேல நின்னுக்கிட்டு என்ன கேக்குறாரு? "கடல் ரோட்டுல காத்தை மறைச்சுக்கிட்டு வந்தது யாரு? முதல் கோப்பை அவருக்கு." கழுத்துல விசில் தொங்குது, கையில பிளாஸ்க். அன்னிக்கு நான் முதல்ல ஏறிட்டேன். நீங்க இன்னும் கீழ, ஏதோ வளைவுல. கோப்பையை என் பக்கம் நீட்டிட்டாரு.

பஸ்காரர்: மேல முதல்ல வந்தவர் நீங்க. அவர் அப்படி நினைச்சிருப்பாரு.

பேக்கரிக்காரர்: அவர் நினைக்கலாம். எனக்குத் தெரியாதா? மலை ஏறுறதுக்கு எனக்குத் தெம்பு எங்கேர்ந்து வந்துச்சு? கீழ நீங்க எனக்காகச் செலவழிச்ச தெம்பு அது. "நான் இல்லீங்க, டிரைவர்"னு சொல்லியிருக்கணும். பேத்தி குதிக்கிறா, "எங்க தாத்தா, எங்க தாத்தா"ன்னு. கை தட்டுறாங்க. எனக்கு யாரு சம்பந்தி கை தட்டியிருக்காங்க? ரொட்டி நல்லா இருந்தா தின்னுட்டுப் போவாங்க. கருகினாத்தான் என் பேரு ஞாபகம் வரும். கை... தானா நீண்டிருச்சு.

பஸ்காரர்: விடுங்க.

பேக்கரிக்காரர்: ஒரு வாய்தான் குடிச்சிருப்பேன். அப்பத்தான் நீங்க வந்தீங்க. விசில்காரர் உங்களையே கேக்குறாரு. "என்ன டிரைவரே, பேக்கரிதான் உங்களை இழுத்துட்டு வந்தாராமே?" நான் தரையைப் பாக்குறேன். நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்க, அதோட தொலைஞ்சுதுன்னு நிக்கிறேன். நீங்க சிரிச்சுக்கிட்டே, "ஆமா, அவர்தான்"னுட்டீங்க.

பஸ்காரர்: அதுக்கு என்ன இப்போ?

பேக்கரிக்காரர்: அடிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியல... குழி!

பஸ்காரர்: எந்தப் பக்கம்?

பேக்கரிக்காரர்: உங்க பக்கம்!

பஸ்காரர்: ஆ... அம்மா! பரவால்ல. முன்னேற்றம். விழறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க.

பேக்கரிக்காரர்: சிரிக்காதீங்க. வர்ற ஞாயிறு எல்லாருக்கும் முன்னாடி என்னைப் போகச் சொல்லியிருக்காரு விசில்காரர். புதுசா சேர்ந்தவங்க வேற நிறைய பேரு. என் முதுகை நம்பி, கண்ணை மூடிக்கிட்டு வருவாங்க. உங்களையே குழி குழியா இறக்கிட்டு வர்றேன். அவங்களை எங்க கொண்டு போய் இறக்குவேன்?

பஸ்காரர்: ஓ... அதுக்குத்தான் இந்தப் பழக்கமா?

பேக்கரிக்காரர்: பழக்கம் இல்ல. அன்னிக்கு நீங்க மறைச்ச காத்தை இன்னிக்கு நான் திருப்பிக் குடுக்குறேன். அதான் செவ்வாய்க்கிழமையாப் பாத்துக் கூப்பிட்டேன். கடை லீவு, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல, கை தட்ட ஆள் இல்ல. மேல இருக்கிறவர் மட்டும் பாத்தாப் போதும்.

பஸ்காரர்: உங்களுக்கு எல்லாத்துக்கும் அவரைக் கூப்பிடணும்.

பேக்கரிக்காரர்: வேற யாரைக் கூப்பிட? விசில்காரரையா?

பஸ்காரர்: சரி, ஏத்தம் வந்தாச்சு. கியரைக் குறைங்க. இனிமே காத்து இல்ல, அவங்கவங்க கால்தான். பக்கத்துலயே வாங்க, பேசிட்டே ஏறலாம்.

பேக்கரிக்காரர்: பேசவா... மூச்சு விடவா... ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

பஸ்காரர்: அப்ப நான் பேசுறேன். ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வழி இருக்கு. முட்டி வலின்னு சொல்லிடுங்க. நான் முன்னாடி போய்க்கிறேன். யாருக்கும் சங்கடம் இல்ல.

பேக்கரிக்காரர்: ஒரு பொய்யைக் காப்பாத்த... என் முட்டியை எதுக்கு... கெடுக்கணும்?

பஸ்காரர்: சின்ன விஷயம் சம்பந்தி.

பேக்கரிக்காரர்: அவ சின்னக் குழந்தை. அவளுக்கு எல்லாமே பெருசு. நான்... சொல்லிட்டேன்.

பஸ்காரர்: எதை?

பேக்கரிக்காரர்: வாயைக் கொப்பளிச்சு வந்தா. உட்கார வச்சுச் சொன்னேன். நீ பாத்ததுதான் சரிம்மா. காத்தைத் தாங்கினது பஸ் தாத்தா. நான் பின்னாடி சுகமா வந்தேன். கோப்பை அவருது. நான் வாங்கிட்டேன். அது தப்பு.

பஸ்காரர்: சொல்லிட்டீங்களா! அவ என்ன சொன்னா?

பேக்கரிக்காரர்: திட்டல. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். நகர்ந்து ஒட்டி உட்கார்ந்தா. அப்புறம் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பரவால்ல தாத்தா, நானும் ஒரு தடவை பக்கத்துப் பொண்ணு வரைஞ்ச படத்தை என்னோடதுன்னு சொல்லியிருக்கேன்"னா.

பஸ்காரர்: அடக் கடவுளே...

பேக்கரிக்காரர்: எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதோட விட்டாளா? எழுந்து போனவ கதவுகிட்ட திரும்பி நின்னா. "அப்போ பஸ் தாத்தா ஏன் ஆமான்னு சொன்னாரு? அவரும் பொய் சொன்னாரா?"

பஸ்காரர்: கியர்... மாத்துறேன், இருங்க.

பேக்கரிக்காரர்: சம்பந்தி? என்ன பின்தங்கிட்டீங்க?

பஸ்காரர்: இருக்கேன்... ஏறிட்டுத்தான் இருக்கேன்.

பேக்கரிக்காரர்: அவளுக்கு என்ன சொல்ல?

பஸ்காரர்: பெருந்தன்மைன்னு சொல்லுங்க.

பேக்கரிக்காரர்: அந்த வார்த்தை அவளுக்குப் புரியாது. நீங்களே சொல்லுங்க. சாயந்தரம் உங்க வீட்டுலதான் இருப்பா. செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கேப்பா, பாருங்க.

பஸ்காரர்: உங்களை யாரு அவகிட்ட எல்லாத்தையும் கொட்டச் சொன்னது? நல்லா மாட்டி விட்டீங்க.

பேக்கரிக்காரர்: கோபமா?

பஸ்காரர்: கோபம் இல்ல... ஏறுங்க. இந்த ஒரு வளைவுதான்.

பேக்கரிக்காரர்: வந்துட்டோம்... அப்பாடா. கால் ரெண்டும் இருக்கா பாருங்க, எனக்குத் தெரியல. உட்காருங்க. பிளாஸ்க் கொண்டு வந்திருக்கேன். இந்தாங்க, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வர வேண்டியது.

பஸ்காரர்: இன்னிக்கு முன்னாடி வந்தவர் நீங்க. நீங்க குடிங்க.

பேக்கரிக்காரர்: இன்னிக்கு நான் முன்னாடி வந்தது அன்னிக்கு நீங்க வந்ததுக்குப் பதில். கணக்கைக் குழப்பாதீங்க. பிடிங்க.

பஸ்காரர்: எனக்கு இறங்காது சம்பந்தி.

பேக்கரிக்காரர்: ஏன்? தப்பு பண்ணினவன் நான். நீங்க ஏன் தலையைத் தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்க?

பஸ்காரர்: ஒண்ணும் இல்ல. நேரமாச்சு. எப்பவும் போல அந்தப் பக்கச் சரிவு வழியா இறங்கிடலாம், மெதுவா, சமமா போகும்.

பேக்கரிக்காரர்: அங்க தடுப்பு வச்சிருக்காங்க, பாக்கலையா? ரோடு போடுறாங்க. வந்த வழியாவேதான் இறங்கணும்.

பஸ்காரர்: இந்தக் கொண்டை ஊசி வளைவுலயா?

பேக்கரிக்காரர்: வேற வழி?

பஸ்காரர்: அப்ப... நீங்க முன்னாடி போங்க. நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன்.

பேக்கரிக்காரர்: தனியாவா?

பஸ்காரர்: காத்து நல்லா இருக்கு. கடலைப் பாத்துட்டு வர்றேன். போங்க சம்பந்தி, வீட்டுல தேடுவாங்க.

பேக்கரிக்காரர்: சரி... இதோ கிளம்புறேன்.

பஸ்காரர்: என்ன நிக்கிறீங்க?

பேக்கரிக்காரர்: அடடா. என் பின் பிரேக் பிடிக்கல போலிருக்கே. இதை வச்சுக்கிட்டு ஓட்டி இறங்க முடியாது. தள்ளிக்கிட்டுத்தான் போகணும். துணைக்கு வாங்களேன்.

பஸ்காரர்: பிடிக்கலையா?

பேக்கரிக்காரர்: சுத்தமா பிடிக்கல.

பஸ்காரர்: இப்பத்தானே அந்தக் கல்லுகிட்ட வந்து டக்குன்னு நிறுத்தினீங்க?

பேக்கரிக்காரர்: அது... அப்பப் பிடிச்சுது.

பஸ்காரர்: அந்தப் பிரேக்கை விடுங்க சம்பந்தி, அது நல்லாத்தான் இருக்கு. போன மழைக்காலத்துல இதே வளைவுல நான் வண்டியை விட்டு இறங்கி நின்னேனே, அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலமெல்லாம் மலை ரோட்டுல பஸ் ஓட்டினவன், சைக்கிள்ல இறங்கப் பயந்து அழுதேன். நீங்க கீழ போய், "என் பிரேக் போச்சு, பாவம் டிரைவர் எனக்காக நடந்து வந்தாரு"ன்னு சொன்னீங்க. அன்னிலேர்ந்து குழுவுல எல்லாரும் உங்களைத்தான் கேலி பண்றாங்க, நானும் கூட நின்னு சிரிச்சிருக்கேன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் அந்தக் கோப்பையை உங்க கையிலயே விட்டேன்... சாயந்தரம் குழந்தைகிட்ட இதைச் சொல்லிடுறேன், ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும். இப்ப வாங்க, தள்ளிக்கிட்டே இறங்கலாம். உங்க பிரேக்குக்காக இல்ல... எனக்குப் பயமா இருக்கு.