பரந்தாமன் நடுக்கம்

...இல்ல கண்ணு, தப்பா சொல்லிப்புடுவேனோன்னுதான் பயமா இருக்குது. நான் ஆறாங்கிளாஸோட நின்னவ. நீ பத்தாவது பாஸு. நான் ஒண்ணு சொல்லி, நீ அத வேற மாதிரி எடுத்துகினு போயி சூப்பர்வைசர் விஜயன் காதுல போட்டு, அவரு மேலிடத்துல ஓதி... வேணாம்டா சாமி. ஆனா சொல்லாமயும் இருக்க முடியல கல்பனா. குந்து. இந்தப் படியிலயே குந்து. பக்கெட்ட அப்படி ஓரமா வெய்யி. கதவு மேல செவப்பு லைட்டு எரியுதில்ல? அது அணையற வரைக்கும் உள்ள போவக் கூடாது. போனா கண்ணு அவிஞ்சி பூடுமாம். ஏழு வருசமா இந்த லைட்டு அணையறதுக்குக் காத்துகினு குந்தியே என் முட்டி தேஞ்சி போச்சி. அதான் விஜயன் கிட்ட கெஞ்சி உன்ன ஆஸ்டல் பக்கத்துலருந்து இங்க மாத்தச் சொன்னேன். நான் இன்னியிலருந்து கேன்டீனு.

கை வலிக்குதா? ஆங், மொத நாளே அத்தினி கையெழுத்து. இந்த ரூமுன்னா அப்பிடித்தான். சாவி எடுத்தா கையெழுத்து, வெச்சா கையெழுத்து. தொடப்பம் எடுத்துகினு போனா... ஐயே, தொடப்பம்னு வாயில சொன்னாலே அடிக்க வருவாங்க! தூசி பறக்கக் கூடாது. ஈரத்துணிதான். அதுவும் தரையில மட்டும். பவுடரு போடக் கூடாது, தலையில பூ வெக்கக் கூடாது, வேகமா நடக்கக் கூடாது. உள்ள ஒரு மேஜை இருக்குது பாரு, நம்ம ஊட்டு ரூமு அத்தாச்சோடு, அம்மாம் பெருசு. அது காத்துல நிக்குதாம்! கால் தரையில இருக்குது, ஆனா காத்துல நிக்குதாம். அரக்கோணம் பக்கம் கூட்ஸு வண்டி போனா அதிர்ச்சி வரக் கூடாதுன்னு. ஒரு நாள் நான் வெளிய தும்முனேன் கண்ணு. ஒரே ஒரு தும்மல். உள்ள ஆராய்ச்சி பண்ற சௌமியா பொண்ணு எட்டிப் பாத்து, "கௌரியக்கா, இப்ப தும்முனது நீங்களா?"ன்னு கேக்குது. கம்பியூட்டர்ல தெரிஞ்சிடுச்சாம். என் மாமியா கூட இப்பிடி நோட்டம் உட்டதில்ல என்னை.

உள்ள இன்னா பண்றாங்கன்னா... இதத்தான் தப்பா சொல்லிப்புடுவேனோன்னு பயப்படறேன். ஒரு கறுப்புக் கல்லு வெச்சிருக்காங்க. சுண்டுவெரல் நகத்துல பாதிகூட இருக்காது. அது மேல லேசர் வெளிச்சத்தால ஒரு தட்டு தட்டறது. எம்மா நேரம் தட்டறாங்கன்ற? ஒரு செகண்ட லச்சமாப் பிரி. அதுல ஒண்ண எடுத்து மறுபடி லச்சமாப் பிரி. அதுலயும் ஒண்ண எடுத்து லச்சமாப் பிரி. அந்தத் துணுக்கு மாதிரி ஒரு நூறு இருந்தாப் போதுமாம், அதுக்குள்ள தட்டி முடிச்சிட்டாங்க. நம்ம பில்டிங்ல சம்பளம் போடறவங்களுக்கு யாராச்சும் இதச் சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்.

தட்டுனா இன்னா ஆவும்? சௌமியா எனக்குப் புரியற மாதிரி சொல்லிச்சி. ஆடிக் கிருத்திகைக்கு அன்னதானப் பந்தி பாத்திருக்கற இல்ல? வரிசை வரிசையா ஜனம் குந்தினு இருக்குது. நடுவுல வாளி தூக்கினு பசங்க ஓடறானுங்க. இப்ப யாரோ ஒருத்தன் பட்டாசு கொளுத்திப் போட்டுட்டான்னு வெய்யி. மொதல்ல துள்றது யாரு? வாளிக்காரப் பசங்க. ஓடறவன்தானே மொதல்ல துள்ளுவான்? அவன் துள்ளி, வரிசையில இருக்கறவங்க மேல இடிச்சி, அப்பால வரிசையே ஆடும். கல்லுக்குள்ளயும் அப்பிடியேவாம். ஓடறதுக்குப் பேரு எலக்ட்ரான். வரிசையில குந்தினு இருக்கறது அணுவு. ஓடறவன் துள்ளி எத்தினி நேரம் கழிச்சி வரிசை ஆடுது, எப்பிடி ஆடுதுன்னு பாக்கறதுக்குத்தான் இத்தினி கோடி போட்டு, இத்தினி ஏ.சி. போட்டு, என்னைத் தும்மக் கூடாதுன்னு சொல்றாங்க.

பாக்கறதுக்கு ரெண்டாவது வெளிச்சம். மொத வெளிச்சம் தட்டும், ரெண்டாவது கொஞ்சம் லேட்டா போயி வேடிக்கை பாக்கும். ரெண்டும் ஒரே எடத்துலருந்துதான் கெளம்புது. நம்ம கோயில் மலைக்கி ஒருத்தன் படியில ஏறிப் போறான், இன்னொருத்தன் வண்டிப் பாதையில சுத்திகினு போறான் இல்ல, அந்த மாதிரி. சுத்திகினு போறவனுக்கு வழியில ஒரு கண்ணாடி. தண்டவாளம் மாதிரி ஒண்ணு மேல மெல்ல நவுந்துகினே இருக்கும். அது தலைமுடி அகலம் நவுந்தாலே போதுமாம், நேரம் மாறிப் பூடும். அந்தக் கண்ணாடிதான் கண்ணு... அப்பால சொல்றேன். டீ ஆறுது, குடி.

எங்க உட்டேன்? ஆங், பரந்தாமன் சாரு. அவருதான் இந்த ரூமுக்குப் பெரியவரு. நல்ல மனுசன்தான், ஆனா அவரு சொல்லி முடிச்சப்பால யாரும் வாயத் தெறக்கக் கூடாது. அவருக்குக் கீழ சௌமியா. அரக்கோணத்துலருந்து தெனம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல வருது. தோசை கொண்டாந்தா பாதி எனக்கு. "டாக்டர் பட்டம் வாங்கிட்டுத்தான் கல்யாணம்"னு அவங்க நைனா கிட்ட அடம் புடிச்சி, மூணு வருசமா இந்த ரூமுக்குள்ளயே கெடக்குது. மூணு வருசமா அந்தக் கல்லு புதுசா ஒண்ணும் ஆடல. எல்லாக் கல்லும் ஆடற மாதிரிதான் ஆடிச்சி. போன ஆயுத பூஜை முடிஞ்ச மறுவாரம் பாரு, கிராஃபுல அலை அலையா வருது! சாரு எகிறிக் குதிச்சாரு. ஒலகத்துல எந்தக் கல்லும் இப்பிடி ஆடுனதில்லியாம். அதுக்குப் பேரு வெச்சாரு பாரு, பரந்தாமன் நடுக்கம். ஆமாம், தன் பேரேதான்! பஸ் ஸ்டாண்டு கிட்ட ஃபிளெக்ஸ் இருந்துதே, கைய கட்டிகினு நிக்கற மாதிரி, அது இதுக்குத்தான். காதுகுத்துக்கு வெக்கற மாதிரி ஓரத்துல ரோசாப்பூ எல்லாம் போட்டு.

சௌமியா மட்டும் மூஞ்சிய தூக்கி வெச்சினே இருந்துது. "சார், கல்லை எடுத்துட்டு ஒரு தபா பாத்துடலாம் சார். கல்லு இல்லாதப்பவும் அலை வந்தா, அது கல்லோட ஆட்டம் இல்லியே"ன்னு கேட்டுது. எனக்கே புரிஞ்சுது கண்ணு, ஆறாங்கிளாஸு! பந்தியில ஆளே இல்லாதப்ப பந்தி ஆடுச்சின்னா, தப்பு பாக்கறவன் கண்ணுலதானே? சாரு, "எனக்கே பாடம் எடுக்கறியா?"ன்னுட்டாரு. முடிஞ்சிது.

அப்பால வெளிநாட்டுலருந்து ஆளுங்க பாக்க வராங்கன்னு லெட்டரு வந்துது. சௌமியா நல்லபடியாத்தான் நெனச்சுது. எல்லாக் கண்ணாடியையும் மருந்து ஊத்தித் தொடைச்சி வெச்சுது. மறுநாளு அலை இல்ல! பரந்தாமன் நடுக்கம் போயிடுச்சி! சாருக்குத்தான் நடுக்கம். "நீ தொட்டுக் கெடுத்துட்ட, உன் தீசிஸ்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்"னு கத்தறாரு, கீழ செக்யூரிட்டி வரைக்கும் கேட்டுது. அந்தப் பொண்ணு இங்க, இதே படியில, நீ குந்தினு இருக்கற எடத்துல குந்தி அழுவுது பாரு... தோசை டப்பாவ தெறக்கவே இல்ல. அதனாலதான் நான் மறுபடியும் வெச்சேன்.

இன்னாத்த மறுபடியும்? நான் அப்பிடியா சொன்னேன்?

...சரி, வாயில வந்துடுச்சி. கிட்ட வா. ஆயுத பூஜை அன்னிக்கி இந்த பில்டிங்ல எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சோம். ஜெராக்ஸு, ஜெனரேட்டரு, கேன்டீன் கிரைண்டரு, சாரோட காரு கூட. இந்த ரூமுக்கு மட்டும் வெக்கக் கூடாதுன்னு பேப்பர் ஒட்டிட்டாங்க. மனசு கேக்குமா? இருக்கறதுலயே பெரிய ஆயுதம் இதான். கண்ண அவிக்கற ஆயுதம். இதுக்குப் பூஜை இல்லன்னா, நாளைக்கி அந்தப் பொண்ணு கண்ணுக்கு ஏதாச்சும் ஆனா? அது பொரி வாங்கப் போன நேரம், லைட்டு அணைஞ்சிருந்துது, சாவி என் கிட்ட. மலையிலருந்து வாங்கியாந்த சந்தனம், குங்குமம். நான் ஒண்ணும் அறிவில்லாதவ இல்ல, எல்லாத்தையும் தொடல. அந்த ஒரே ஒரு கண்ணாடி, தண்டவாளத்து மேல தனியா நின்னுகினு இருந்துது, பாவமா. அதுக்கு வெச்சேன். கடுகு அத்தாச்சோடு. நடுவுலதான் வெச்சேன், பொட்ட ஓரத்துலயா வெப்பாங்க? வெச்சி கையெடுக்கல, வெளிய செருப்புச் சத்தம். பயத்துல முந்தானையால சர்ருன்னு தொடைச்சிட்டு ஓடியாந்துட்டேன்.

அம்மாந்தான். அந்தச் சந்தனமும் என் முந்தானை நூலும் கோடு கோடா இழுத்துகினு நின்னுடுச்சி போல. கண்ணாடி நவுரறப்ப வெளிச்சம் ஒரு கோட்டுல படுது, அடுத்த கோட்டுல படுது. கிராஃபு ஏறுது, எறங்குது. கல்லு ஆடல கண்ணு. பரந்தாமனும் ஆடல. அது என் பொடவை. பள்ளிப்பட்டுல எடுத்த மஞ்சப் பொடவை.

இதெல்லாம் எனக்கு அப்ப எங்க தெரியும்? சௌமியா தொடைச்சதும் அலை போச்சின்னு கேட்டப்பதான் பொறி தட்டுச்சி. மத்தியானம் எல்லாரும் சாப்புடப் போனப்ப உள்ள போயி, அதே சந்தனம், அதே பொடவை, அதே மாதிரி சர்ருன்னு ஒரு இழுப்பு. மறுநாளு காத்தால நடுக்கம் திரும்பி வந்துடுச்சி! சாரு எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தாரு. எனக்கு ரெண்டு. சௌமியாவத் திட்டறதையும் உட்டாரு. ஆனா அந்தப் பொண்ணு மைசூர்பாகத் தொடல. என்னையே பாத்துகினு, "அக்கா, ரூமுக்குள்ள யாராச்சும் வந்தாங்களா?"ன்னு கேட்டுது. "யாரும் வரலியே கண்ணு"ன்னேன். மலை மேல இருக்கறவன் என்னை மன்னிப்பானா மாட்டானா தெரியல.

இப்ப உள்ள இருக்காங்களே மூணு பேரு, ரெண்டு வெள்ளைக்காரங்க, ஒருத்தரு பெங்களூரு. லைட்டு எரியறதுக்கு முன்ன டீ குடுக்கப் போனேன். அந்த வெள்ளைக்காரம்மா ஏதோ கேட்டாங்க. இங்கிலீசுதான், ஆனா அந்தம்மா விரலு கல்லக் காட்டுது, அப்பால காலி எடத்தக் காட்டுது. சௌமியா மூஞ்சி பளிச்சுன்னு ஆச்சி பாரு! சாரு மூஞ்சிய கேக்காத. இப்ப உள்ள அதான் நடக்குது. கல்ல எடுத்துட்டுப் பாக்கறாங்க. வரும் கண்ணு, அலை வரும், கல்லு இல்லாமயே வரும். கண்ணாடிய கயட்டிப் பாப்பாங்க, சந்தனம் மணக்கும். சௌமியா சொன்னதுதான் சரின்னு ஆயிடும், அதுக்கு எனக்கு சந்தோசந்தான். அப்பால சாரு கேக்கப் போற மொத கேள்வி இன்னா? "யாரு உள்ள போனது? சாவி நோட்ட எடு."

ஆங். அந்த நோட்டுதான். காத்தால நீ போட்டியே, அதேதான்.

ஆயுத பூஜையிலருந்து பயத்துல நான் ஒரு வாரமும் கையெழுத்துப் போடல. வாரத்துக்கு ஒரு வரி, பதினஞ்சி வரியும் காலியா கெடந்துது. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எனக்கு இன்னும் ரெண்டு வருசம் வேல இருக்குது, ஊட்டுக்காரரு படுத்த படுக்கை. நீ சின்ன வயசு, நல்லா பேசுவ, பத்தாவது வேற. ஆஸ்டல்ல ஆனியிலருந்தே இருக்கற, ஆயுத பூஜை அன்னிக்கும் டூட்டி. அதான் வடை வாங்கிக் குடுத்து, "வரிசையா போட்டுகினே வா கண்ணு"ன்னேன். நீயும் போட்ட. எம்மா அழகா போட்ட! பத்தாவது படிச்சவ, பக்கத்துல இருக்கற தேதிய படிச்சிருக்க வேணாமா?

ஏய், பக்கெட்ட ஒதைக்காத. அந்தத் துணிய வெளிய எடுக்காத. மஞ்சத் துணிதான்... ஆமாம், அதேதான், மூணாக் கிழிச்சேன். ஊட்டுல வெச்சினு இருக்க பயமா இருந்துது.

லைட்டு அணைஞ்சிடுச்சி.

கதவு தெறக்கறாங்க. சாரு கையில நோட்டு. உன் பேரத்தான் கூப்புடறாரு. போ கண்ணு, மெதுவா நட, அதிரப் போவுது. நான் கேன்டீனுக்குப் போறேன், அடுப்புல பாலு வெச்சிட்டு வந்தேன்.