பிழை விழுந்த நேரம்

இல்லீங்க கணக்குப்புள்ள ஐயா, டிஸ்க் சாகல. உக்காருங்க, டீ வருது.

திறக்கவே மாட்டேங்குது, தூக்கி எறிஞ்சிடலாம்னுதானே ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கொம்பியூட்டர எஹலியகொட டவுன்ல இருக்குற என் கடை வரைக்கும் கொண்டாந்தீங்க? போட்டா நீலத் திரை, உடனே அணையுது, திரும்பப் போட்டா திரும்பவும் நீலம். பதினேழு தடவை பார்த்தேன். நான் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிச்சவன் இல்ல; பழைய புத்தகங்கள வச்சு நானாப் படிச்சவன். அதனால அவசரப்பட மாட்டேன்.

மொதல்ல ரேம கழட்டித் தொடச்சேன். மாறல. அப்புறம் சேஃப் மோட்ல திறந்தேன். திறந்துச்சு! ஆக, கோளாறு உடம்புல இல்ல; உள்ள போட்ட மென்பொருள்ல. கெமரா கார்டுக்கு யாரோ புது டிரைவர் போட்டிருக்காங்க, அது வேற மொடலுக்கு உரியது. அத நீக்கினேன், ஒழுங்கா எழும்பிருச்சு.

யார் போட்டதுன்னா? பெயர் இருக்காது ஐயா. நேரம் இருக்கும். போன செவ்வா, பகல் பதினொன்னு இருபது. ரப்பர் பால தராசுல நிறுத்து முடிஞ்ச நேரம். தராசடிக் கெமரா எடுத்த படத்த அழிக்கப் போயி கொம்பியூட்டரையே முடக்கிட்டாங்க. முடங்கினா படமும் செத்துரும்னு நெனப்பு.

ஏன் எந்திரிக்கிறீங்க? கதவு பூட்டியிருக்கு. வெளிய பால் வெட்டுற கத்தியோட நிக்கிறது சுரேந்திரன். வாளியோட வழுக்கி விழுந்துட்டாள்னு எழுதிக் குடுத்தீங்களே ராகினி, அவ புருஷன். நாந்தான் அவன அடக்கி வச்சிருக்கேன். படம் பொலிசுக்குப் போயிருச்சு. அவங்க வர்ற வரைக்கும் என் சொல்லுக்கு நிப்பான். நீங்க கதவத் தொட்டா நிக்க மாட்டான்.

உக்காருங்க. அந்தப் படத்துல எனக்கு ஒரே ஒரு இடம்தான் வெளங்கல. மேல் மலைக்கு ஏற மாட்டேன்னு அவ கைய ஆட்டுறது தெரியுது. தராசுக் கொக்கியக் கழட்டி நீங்க மண்டையில அடிக்கிறது தெரியுது. குப்புற விழுந்தவள முதுகுல உதைக்கிறது தெரியுது. அவ திரும்பிப் படுக்குறா. ரெண்டாவது உதைய மட்டும் பால் பீப்பா மறைக்குது. டொக்டர் அதத்தான் கேக்குறாரு. அவளால இன்னும் வாய் தொறக்க முடியல.

சொல்லுங்க ஐயா, அது எங்க விழுந்துச்சு? ராகினிக்கு இது ஆறாம் மாசம். எம் மக அவ.