வலிக்காத புண்ணும் எழாத இருபத்திரண்டு பேரும்

நம் நர்சக்காவிடம் இந்த இரங்கல் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு டிரைவர்கள் பொய் சொன்னார்கள். அவர் இறக்கும் நாள்வரை சொன்னார்கள்.

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மருத்துவர் அவர்களே, அக்காவின் கணவரே, பிள்ளைகளே, என்னோடு லாரி ஓட்டும் தோழர்களே, வணக்கம். முதலில் அந்த உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொல்ல முடிந்தது.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அக்காவைத் தெய்வம் என்றார்கள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் நமக்குச் சௌகரியம், அது கேள்வி கேட்காது. நர்சக்கா கேட்டார். நம் ஷெட்டுக்கு வந்து, பழைய டயர்மேல் உட்கார்ந்து, நம் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சிறுநீர் போகும்போது எரிகிறதா? சீழ் வருகிறதா? மறைவிடத்தில் வலிக்காத புண் இருக்கிறதா? ஒன்றும் இல்லையென்றாலும் ரத்தம் கொடுங்கள், நிறையப் பேருக்கு வெளியே எதுவுமே தெரியாது என்றார். நாம் என்ன செய்தோம்? சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டோம்.

பிறகு நம் மூளை வேலை செய்தது. ஒரு மூட்டையைக் குத்திப் பார்த்துவிட்டு முழு லோடையும் நல்ல சரக்கு என்று இறக்குவதில்லையா? எல்லோரும் ஒரே தடத்தில் ஓட்டுகிறோம், ஒரே இடங்களில் தங்குகிறோம். ஒருவன் போனால் போதும். இளையவன் என்று என்னை அனுப்பினீர்கள். நோய் இல்லை என்று வந்த என் ரிப்போர்ட்டை நகலெடுத்து ஆளுக்கொன்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். ஒருவர் அதை மனைவியிடமே காட்டினார். அக்கா வந்தபோது இருபத்திரண்டு கைகள் அதை நீட்டின. அவர் ஒன்றை வாங்கிப் படித்தார்.

"இது இவனோட ரத்தம். உங்க ரத்தம் எங்கப்பா?"

நகல்களை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினோம்.

அடுத்த வருடம் எனக்கே புண் வந்தது. வலிக்கவில்லை. சில வாரங்களில் தானாக ஆறியும் போனது. அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஆறினது புண்ணுடா மடையா. நோய் உள்ளதான் இருக்கு. வா, உன் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வா."

மேகநோய், அதாவது சிபிலிஸ் என்று பரிசோதனை சொன்னது. எனக்கும் ஊசி, அவளுக்கும் ஊசி. அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். அன்று வயிற்றில் இருந்த என் மகள் இன்று நோயில்லாமல் வளர்ந்து, வீட்டில் ஒரு பாத்திரத்தையும் உருட்டாமல் விடுவதில்லை. மனைவியிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். கூச்சமாக இல்லையா? இருக்கிறது. அதற்கு என்ன இப்போது?

நர்சக்கா மாரடைப்பில் போவதற்கு முந்தைய நாள் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"உங்க ஷெட்டுல ஒருத்தர் உள்ளங்கையில தடிப்போட வந்தார். ஊசியைப் பார்த்ததும் ரத்தம் குடுக்காம போயிட்டார். அவர் வீட்ல மாசமா இருக்காங்க. பேரைக் கேக்காதே, சொல்ல மாட்டேன். எல்லாரையும் கிளப்பிக்கிட்டு வா."

சொல்லாமலேயே போய்விட்டார். நம்மில் நான்கு பேர் வீட்டில் இப்போது கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். அது யார் என்று நான் ஆராயவில்லை. நீங்களும் ஆராயாதீர்கள். அதுவும் அதே மேகநோயின் தடிப்பாக இருக்கலாம்; என் புண்ணைப் போலவே தானாக மறைந்துவிடும், அவரும் நிம்மதியாகிவிடுவார். அதுதான் எனக்குப் பயம். அந்தக் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடு பிறக்கலாம். இப்போதே தாய்க்கும் தகப்பனுக்கும் பரிசோதனை செய்து ஊசி போட்டால் காப்பாற்றலாம்.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று வரிசையாக உறுதி சொன்னீர்கள். எதைத் தொடரப் போகிறீர்கள்? சிரிப்பையா? பக்கத்து அறையில் புது நர்ஸ் ரத்தம் எடுக்கும் குப்பிகளோடு காத்திருக்கிறார். நான்தான் வரச்சொன்னேன். எல்லோரும் சேர்ந்து போனால் அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. முடிவு அவரவர் கைக்கு மட்டும்தான் வரும். நானும் வருகிறேன்.

எழுந்திருங்கள்.

ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்? எழுந்திருங்கள்.