கத்தியில் பிசிறு இல்லை

தேநீரைக் காகிதக் கோப்பையில் கொடுத்தீர்கள், நல்லதாயிற்று. யார் எதை ஊற்றிக் குடித்த கோப்பையோ என்று யோசிக்க வேண்டியதில்லை. எழுபத்தோரு வருடம் ஆசாரமாக இருந்துவிட்டுக் காவல் நிலையத்தில் வந்தா கெட்டுப்போவது?

கெட்ஸலைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் யூதப் பேட்டையான மேயா ஷெயாரிமில் அவன் பழைய புத்தகக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் ஆட்கள் சண்டை போட்டால் வாயோடு விடுவதில்லை, அச்சடித்தும் வைப்பார்கள். எந்த ஊரில் எந்த ரப்பி யாரை விலக்கிவைத்தார், பதிலுக்கு யார் அவரை ஏசினார் என்று இருநூறு, முந்நூறு வருடத்துச் சண்டைகள் அவன் அலமாரியில் தோளோடு தோள் உரசி நிற்கும். நாற்பது வருடமாக நான் அங்கே வாடிக்கை. கெட்ஸல் நல்ல மனிதன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

என் பாட்டனாரின் பாட்டனார் ஒரு ரப்பி. போலந்தில் அவருடைய ஊரில் ஆடு மாடு அறுப்பவரின் கத்தியை ஒருநாள் சோதித்தார். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. மயிரிழைப் பிசிறு தட்டினாலும் அந்த இறைச்சி ஆகாது. தட்டியது. அறுப்பவரைக் குடும்பத்தோடு விலக்கிவைத்தார். ஊர் இரண்டாயிற்று. அன்றிலிருந்து அந்த வம்சத்தில் நாங்கள் பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. அவர் செய்தது சரி என்று நான் மூன்று பாகம் எழுதியிருக்கிறேன்.

என் மகள் ஹிந்தா பத்தொன்பது வயதில் அந்த வம்சத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பேரிஷ் என்று பெயர். தங்கமான பையன், அதை நான் என்றும் மறுத்ததில்லை. முடியாது என்றேன். "சரிப்பா" என்றாள். அதற்குப் பிறகு தரகர் கொண்டுவந்த எந்த வரனுக்கும் அவள் தலையாட்டவில்லை. இப்போது நாற்பத்து நான்கு வயது. எனக்குச் சமைத்துப் போடுகிறாள். நான் அவளைக் குறை சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கெட்ஸல் கூப்பிட்டான். பன்னிரண்டு பக்கப் புத்தகம் ஒன்று வந்திருந்தது. வேறு பிரதி எங்கும் இல்லை என்றான். கடைசிப் பக்கத்தில் என் முன்னோரின் கடிதம். 'கத்தியில் பிசிறு இல்லை. பிசிறு என் நகத்தில் இருந்தது. மறுநாளே கண்டுகொண்டேன், சொல்ல வெட்கப்பட்டேன்.'

கெட்ஸலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன ரெப் ஃபைவிஷ், உங்க தாத்தா ஒழுங்கா நகம் வெட்டியிருந்தா ஊரு ரெண்டாயிருக்காதே. மூணு பாகம் எழுதினீங்க, நாலாவது எப்போ?"

"இதை எனக்கே குடுத்துடு, கெட்ஸல்."

"உங்களுக்கா? அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிடுவீங்க. ஹிந்தாகிட்ட நானே காட்டப் போறேன். எதுக்காக இத்தனை வருஷமா வீட்டுல உக்காந்திருக்கான்னு அவளுக்குத் தெரிய வேணாமா?"

மனது புண்பட்டதே தவிர எனக்குக் கோபம் வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் போட்ட புத்தகத்தையும் காட்டுகிறேன் என்று அவன் ஏணியில் ஏறினான். பழைய ஏணி. "கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றான், பிடித்துக்கொண்டேன். மேல் தட்டுக்கு அவன் கை போனபோது கையை எடுத்தேன். அது மட்டும் போதாது என்கிறீர்கள். சரி, காலாலும் சற்று நகர்த்தினேன்.

தட்டும் அவனோடு சேர்ந்து வந்தது. பதினேழு புத்தகங்கள். சண்டைப் புத்தகமானாலும் உள்ளே கடவுளின் பெயர் இருக்கிறது, தரையில் விட்டுவைக்கலாமா? ஒவ்வொன்றாக எடுத்து, தூசி தட்டி, முத்தமிட்டு, தலைகீழாக இல்லாமல் பார்த்து மேசையில் அடுக்கினேன். நடுவில் அவன் இரண்டு முறை ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னான். உயிரைக் காக்கச் சனிக்கிழமை ஓய்வு நாளையே மீறலாம் என்பது எங்கள் சட்டம். அன்று செவ்வாய்க்கிழமை என்பதால் அந்தக் கேள்வி எழவில்லை. பதினேழாவது புத்தகம் அவன் தோளுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"ஏன்யா, ஏணியிலேருந்து விழுந்து செத்தவன், எந்திரிச்சு எல்லாத்தையும் அடுக்கி வெச்சிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கிட்டானா?" என்று நேற்றுக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தால் விபத்து என்று எழுதியிருப்பீர்கள். என்னால் முடியவில்லை.

அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் எரிக்க முடியவில்லை, அதே காரணம்தான். கிழிந்த புத்தகங்களைப் புதைப்பதற்காகத் தொழுகைக்கூடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குள் போட்டேன். புதைப்பதற்குள் உங்கள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள். இதோ, மேசையில் கிடக்கிறது. அதன்மேல் கோப்பையை வைக்காதீர்கள், தயவுசெய்து.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஹிந்தா சாப்பாடு எடுத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். நான் கெட்ஸலைக் கொன்றேன் என்று அவளிடம் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வாள். கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டாதீர்கள். இந்த இருபத்தைந்து வருடமாக என் பெண்ணுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டு வருகிறேன்.