கதைக்கு ஒரு கை புளி

— கூடைய அப்படித் தள்ளு தெரசா. இன்னிக்கு என் கைப்புளி உனக்குக் கிடையாது.

— சரிங்க சென்னம்மாக்கா. நானா யாரையும் போடச் சொல்லலீங்க.

— நீ சொல்ல வேண்டாம். கத சொல்றவளுக்குக் கை ஓடாது, எடை கொறையும், கூலியும் கொறையும். அதனால புளியங்கொட்ட தட்டற எல்லாரும் அவ கூடையில ஆளுக்கு ஒரு கை போடறது இந்தக் கொட்டாயில பழக்கம். போன வருசம் அந்தக் கையெல்லாம் என் கூடையில வுழுந்துச்சு. நீ பக்கத்து வூட்டுக்குக் குடி வந்த, நின்னு போச்சு.

— நீங்களும் சொல்லுங்கக்கா. யாரு வேண்டாம்னாங்க.

— முந்தாநேத்து சொன்னேனே. பாதியிலயே பானுமதி கொட்டாவி வுட்டா. நீ வாயத் தொறந்தா மட்டும் சுத்தியலக் கீழ வெச்சுட்டுக் கேக்கறா. வயிறு எரியுதுடி எனக்கு. மறைச்சுப் பேசத் தெரியாது.

— தெரியுங்கக்கா.

— எங்க புடிக்கற இந்தக் கதைங்கள? போனுலயா?

— என்னுது பட்டன் போனுங்க.

— உங்க சர்ச்சுல சாமியாரு சொல்றாரா?

— அவரு சொல்ற கத வேறங்க. தீர்த்தமலைக்குப் போறப்ப புலிகிட்ட வழி கேட்ட செவிட்டு வியாபாரிய அவருக்கு எங்க தெரியும்.

— அதான் கேக்கறேன். புலி பேசறப்ப கரகரன்னு ஒரு இழுப்பு இழுக்கறியே, அது யாரு கொரலு? எங்கியோ கேட்டாப்பல இருக்கு.

— வேண்டாங்கக்கா. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க.

— சொல்லாட்டி நாளையிலிருந்து உம் பக்கத்துல உக்காரமாட்டேன்.

— உங்க மாட்டுக்கொட்டாய்க்கும் எங்க அடுப்பங்கரைக்கும் ஒரே செவுருங்க.

— ஆமா. அதுக்கு?

— விடியால நான் அடுப்பு பத்த வெக்கறப்ப மாது அண்ணன் பால் கறக்க வருவாரு. கத சொன்னாத்தான் அந்தச் செவல மாடு ஒதைக்காம நிக்கும். தெனமும் சொல்றாருங்க.

— எங்க வூட்டுக்காரரா?

— அவருதாங்க. நீங்க அந்நேரம் கொழாயடியில தண்ணி புடிக்கப் போயிடறீங்க.

— பதினெட்டு வருசமா 'சோறு போடு', 'சரி', இதுக்கு மேல எங்கிட்ட ஒரு பேச்சு கிடையாது. காரிமங்கலம் சந்தைக்குப் போயி வந்தாக்கூட அங்க என்ன நடந்துச்சுன்னு நாந்தான் புடுங்கிப் புடுங்கிக் கேக்கணும். மாட்டுக்குக் கதயா?

— சிரிச்சு சிரிச்சு சொல்லுவாருங்க.

— சிரிக்க வேற செய்யறாரா.

— இன்னிக்கு வியாபாரி புலி முதுவுல ஏறிட்டான். அதோட சொம்பு நெறஞ்சிடுச்சு, நிறுத்திட்டாரு. மீதி நாளைக்குத்தான். நீங்க வேணா ராத்திரி அவருகிட்டயே கேளுங்கக்கா.

— நான் கேட்டா வாய மூடிக்குவாரு. அப்புறம் மாட்டுக்கும் சொல்லமாட்டாரு. அந்த ஆள எனக்குத் தெரியும். இந்தா, கூடையக் காட்டு.

— என்னங்கக்கா, ரெண்டு கையா போடறீங்க?

— நாளைக்கு விடியால உங்க அடுப்பங்கரையில, அந்தச் செவுத்தோரம் எனக்குக் கொஞ்சம் எடம் வுடு.