மேலிருந்தே பார்த்த வீடு

சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். புறநகரின் கடைசித் தெரு... ஒரு பக்கம் பாதி எழும்பிய வீடுகள், மறுபக்கம் வெறும் பொட்டல். விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள், விளக்கு மாட்டவில்லை. அந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் ஆள் குடியிருந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் கூட்டாளி ஒருவனின் மைத்துனருக்கு, அதாவது அவன் மனைவியின் அண்ணனுக்கு, நடந்தது.

அந்த மைத்துனர் சமூக மேம்பாட்டுத் துறையில் கட்டட ஆய்வாளர். துறைக்குப் பெயர் பெரிது. வேலை என்னவோ ஊர்ச் சாக்கடையை மோந்து பார்ப்பதுதான். மழைக்கு முன்னால் வீட்டை முடித்துவிட வேண்டும் என்று ஊரே ஒரே நேரத்தில் கிளம்பும். ஒருவனுக்கு மாடி எடுக்க அனுமதி வேண்டும். இன்னொருவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வேலியைப் பிடுங்க வேண்டும். போன் ஓயாது, மூச்சு விட நேரமிருக்காது.

அந்தப் பகுதி வீடுகளில் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. கழிவுக் குழாய்கள் அதற்குள்தான் ஓடும். அடுக்களை மூலையில் ஒரு பலகையைத் தூக்கினால் உள்ளே இறங்கலாம். மூடிவிட்டால் அது மேலிருந்துதான் திறக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. பிளம்பர் குழாய் இணைப்புக்குப் பக்கத்தில் டார்ச்சோடு படுத்துக் காத்திருப்பான். ஆய்வாளர் தவழ்ந்து போய், இணைப்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்து, “பாஸ்” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவன் வெளியே வரலாம்.

நான் சொன்ன அந்தக் கடைசித் தெரு வீட்டுக்கு மைத்துனர் என்ன செய்தார்? அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார். “மேலேருந்து பார்த்தேன்னு வச்சுக்கங்க. மூடிடுங்க.” நாலு எட்டு தவழ அத்தனை சோம்பல். அப்புறம் அந்த பிளம்பரை யாரும் பார்க்கவில்லை. அவன் அடிக்கடி குடித்துவிட்டுக் காணாமல் போகிற ஆள். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு வேறு ஆளைப் பிடித்தார்கள்.

அதோடு விட்டாரா? அந்த வீட்டைத் தன் தங்கை தலையிலேயே கட்டினார். “நானே பாஸ் பண்ண வீடு. கண்ண மூடிக்கிட்டு வாங்கு” என்றார். தங்கையும் நம் கூட்டாளியும் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு வாங்கினார்கள்.

குடிபோன மூன்றாம் நாள் ஆரம்பித்தது நாற்றம். முதலில் ஊறின துணி வாடை. அப்புறம் கெட்டுப்போன இறைச்சி. தண்ணீர் குடித்தால் தண்ணீரில், தலையணையில் முகம் வைத்தால் தலையணையில். தங்கைக்குக் கைக்குழந்தை. அதற்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. “குழந்தையை அந்த வீட்டில் வைத்திருக்காதீர்கள்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு எங்கே போவது? துறையில் புகார் கொடுத்தால் பொய்யாக பாஸ் போட்டது வெளியே வரும், அண்ணன் வேலை போகும். அதனால் அவரே யாருக்கும் தெரியாமல் இறங்கினார். கூட்டாளி அன்றைக்கு வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அடியில் இறங்க வேண்டும். அணைத்தார். வீடு இருட்டானது. வெள்ளை மேலங்கி, முகமூடி, டார்ச். பலகையைத் தூக்கியதும் முகத்தில் அறைந்த நாற்றத்தில் முகமூடிக்குள்ளேயே ஓங்கரித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு தவழ்ந்தார். உள்ளங்கைக்கு அடியில் மண் வழவழவென்றிருந்தது. ஈக்கள் பறக்கக்கூட மனமில்லாமல் அவர் மணிக்கட்டில் நடந்தன.

டக்... டக்... குழாயை யாரோ விரலால் தட்டுகிற சத்தம்.

“வந்துட்டீங்களா சார்?”

டார்ச் வெளிச்சம் அந்த இடத்துக்குப் போகவில்லை. பேட்டரி இறங்கியதோ என்னவோ. குரல் மட்டும் பணிவாக, பக்கத்திலேயே.

“ரொம்ப நேரமா படுத்திருக்கேன் சார். தொட்டுப் பாருங்க.”

ஏதோ ஒன்று அவர் கையைப் பிடித்தது. ஈரமாக, பிசுபிசுவென்று. அவர் பதறி இழுத்தபோது விரல்கள் அந்தப் பிடிக்குள் அமுங்கின, ஊறின ரொட்டிக்குள் அமுங்குவது போல. அந்தக் கை அவர் விரலை இணைப்பைச் சுற்றி மெதுவாக ஓட்டியது. இணைப்பு காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுக் கசிவில்லை. அப்படியானால் நாற்றம் குழாயிலிருந்து வரவில்லை... அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“பாஸா சார்?”

“பாஸ்” என்றார்.

“அப்ப நான் போலாமா?”

“போ...”

அந்த இடத்தில் ஒருவரை ஒருவர் தாண்ட வழி கிடையாது. அது அவர் மேலேயே ஏறிப் போனது. கால், முதுகு, பிடரி... குளிர்ந்த கனம் ஒன்று வழிந்து வழிந்து போனது. ஏதோ சொட்டி அவர் காதுக்குள் இறங்கியது. கத்த வாயைத் திறக்கவும் பயம், வாய்க்குள்ளும் சொட்டிவிட்டால்?

பிறகு பலகை விழும் சத்தம்.

மேலே நடை. சப்... சப்... என்று. தங்கையின் குரல் தரை வழியாகத் தெளிவாகக் கேட்டது. “வந்துட்டியாண்ணா? அங்கிய கழட்டிட்டியா? சரி, இவள ஒரு நிமிஷம் தோள்ல போட்டுக்கோ. அழுதுகிட்டே இருக்கா. நான் போய் மெயினைப் போட்டுட்டு வரேன்.”

அவர் தவழ்ந்து போய்ப் பலகையைத் தலையால் முட்டினார். கையால் அடித்தார். அலறினார். மேலே குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. ஒரு தாலாட்டு மாதிரி... முனகல். அப்புறம் அதுவும் இல்லை.

விளக்கு வந்தது. தங்கை ஓடிவந்து பலகையைத் தூக்கினாள். குழியிலிருந்து நிமிர்ந்த வெள்ளை மேலங்கியைப் பார்த்தாள்.

“நீ... இங்கயா இருக்க?” என்றாள். “அப்ப நான் குழந்தைய யார்கிட்ட குடுத்தேன்?”

குழந்தை தொட்டிலில் இருந்தது. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

கூட்டாளி வந்ததும் போலீசுக்குச் சொன்னார்கள். அண்ணன் வேலையைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை. இணைப்புக்குப் பக்கத்தில், படுத்த வாக்கிலேயே கிடந்தான் பிளம்பர். மண்வெட்டியால் அள்ள வேண்டியிருந்தது. செத்து மூன்று மாதத்துக்குக் குறையாது, இடத்தை விட்டு அசைந்த அடையாளமே இல்லை என்றார் போலீஸ் டாக்டர்.

சாக்கில் போட்டுக் கட்டுவதற்கு முன் டார்ச் பிடித்தது நம் கூட்டாளிதான். அவன்தான் அதைப் பார்த்தான், தொட்டும் பார்த்தான். தினமும் தன் சட்டையிலிருந்து துடைக்கிறவன், அவனுக்குத் தெரியாதா? இற்றுப்போன அந்தச் சட்டையின் இடது தோளில், குழந்தை கக்கிய பால்... இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.